உன் மகள் தண்ணீர் கொடுக்காத நாள்

என் ராகேலுக்கு,

உன் அண்ணன் எழுதுகிறேன். நீ இருந்த காலத்தில் ஒருமுறை "பிரியமுள்ள தங்கைக்கு" என்று தொடங்கி எழுதினேன். "இன்னாண்ணா, உபதேசியாரு மாரி எழுதிகினு கீற" என்று சிரித்தாய். அதனால் இப்போது வெறும் ராகேல். படாளத்தில் கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில் உன்னை வைத்த இடத்தில் போன வாரம் புல் செதுக்கிவிட்டு வந்தேன். அங்கே நின்று வாய்விட்டுப் பேச எனக்கு வரவில்லை. நாலு பேர் படிக்கும் பத்திரிகையில் பேசுவது சுலபமாக இருக்கிறது. வாத்தியார் புத்தி. சிலர் இதைப் படித்தே ஆக வேண்டும் என்பதும் என் எண்ணம்தான்.

செய்தி எப்சியைப் பற்றியது. நீ போனபோது சட்டைப் பொத்தானைத் தானாகப் போடத் தெரியாத உன் மகள் எப்சிபாள், இப்போது செங்கல்பட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. இந்த வருஷம் நடுவில் அந்தப் படிப்பு நின்றுவிடும் போல ஆயிற்று. நிறுத்தி வீட்டுக்கு அழைத்துவரத்தான் நானும் போனேன். நடந்ததை வேறு யாரும் உனக்குச் சரியாகச் சொல்ல மாட்டார்கள். உன் புருஷன் சொன்னால் பாதி பொய்யாக இருக்கும்.

அவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீ போன மறு வருஷமே அரக்கோணத்தில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியேறியவர். கிறிஸ்துமசுக்கு ஒரு கார்டு போடுவதோடு தகப்பன் வேலை முடிந்தது. எப்சி நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டதும் திருக்கழுக்குன்றத்தில் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"இன்னா மச்சான், ஊரான் பீ மூத்திரம் அள்றதுக்கா எம் பொண்ண அனுப்பிகீற?"

"உன் பொண்ணா? எப்பத்துலேருந்து?" என்று கேட்டேன்.

நாஸ்தா கூடச் சாப்பிடாமல் போய்விட்டார். நானும் சாப்பிடச் சொல்லவில்லை.

ஆனால் ராகேல், அவளை நான் அனுப்பவில்லை. அவளேதான் போனாள். எனக்கு ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பத்தான் விருப்பம். பி.ஏ., எல்.டி. படித்தும் இரண்டு தடவை தலைமை ஆசிரியர் நாற்காலியை எனக்குக் கீழே வேலை பார்த்தவனுக்குக் கொடுத்தார்கள். காரணம் எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். நம் அப்பா யார் வயலில் கூலிக்கு அறுத்தார் என்பது இன்னும் அவர்களுக்கு மறக்கவில்லை. அப்படிப்பட்ட பள்ளிக்கூட உலகத்தில் என் கண் முன்னால் அவள் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேன். அவளோ, "மாமா, எனுக்குப் பசங்கள அடிக்க வராது" என்றாள். 

முதல் சில மாதங்கள் வகுப்பு மட்டும். லீவில் வந்தால் என் தலையைப் பிடித்துக் கட்டுப் போட்டுப் பழகுவாள். ஊசி போடக் கத்தரிக்காயை எடுத்துக்கொள்வாள். அன்றைக்குக் குழம்பில் தண்ணீர் ஏறிய கத்தரிக்காய்தான். கட்டில் விரிப்பை எப்படி மடக்கிச் செருகுவது என்று காட்டுவாள். தலையணை உறையின் திறந்த வாய் வார்டு வாசலைப் பார்க்கக் கூடாதாம். ஏன் என்று கேட்டேன். "தெரியாது மாமா, அப்டித்தான்" என்றாள். ஏன் என்று கேட்டால் பதில் வராத இடம் அது என்று அப்போதே எனக்குப் பட்டிருக்க வேண்டும்.

பிறகு வார்டுக்குள் விட்டார்கள். லீவில் வந்தவளின் கைகளைப் பார்த்தேன். மருந்துத் தண்ணீரில் வெடித்து, விரல் இடுக்கெல்லாம் சிவந்திருந்தது. காலையில் வேலை, மத்தியானம் வகுப்பு, மறுபடி வேலை. எலும்பின் பெயர்களை இங்கிலீஷில் மனப்பாடம் செய்துகொண்டே சோற்றுக்கு முன்னால் தூங்கிவிடுவாள். ஆனாலும் அப்போது சிரிப்பு இருந்தது. வார்டு சிஸ்டருக்கு அந்தப் பெண்கள் வைத்த பெயர் 'சங்கு'. ஆள் வருவதற்கு முன்னால் குரல் வந்துவிடும், மில் சங்கு மாதிரி. "இன்னிக்கு வார்டு சும்மா கீது" என்று எவளாவது சொல்லிவிட்டால் மற்றவர்கள் முதுகில் அடிப்பார்களாம். சொன்ன கொஞ்ச நேரத்தில் மாட்டுவண்டி நிறைய ஆள் வந்து இறங்குமாம்.

இன்னொரு பழக்கமும் சொன்னாள். வார்டில் அழக் கூடாது. அது முதல் சட்டம். அதனால் அழ வேண்டியவள் பாத்திரம் கழுவும் அறைக்குப் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிடுவாள். வெளியே சத்தம் கேட்டதும், "குழா ஓடுதுடி" என்று ஒருத்தி சொல்லுவாள். உடனே யாராவது ஒருத்தி அவளுடைய கட்டில்களையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாள். யார், எதற்கு என்று கேட்க மாட்டார்கள். எப்சி இதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் அழுவதற்குக் குழாய்தான் துணையா?

அவளோடு படிக்கும் நூர்ஜஹானின் தகப்பனாருக்குத் திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் துணிக்கடை. பெண்ணை இந்தப் படிப்புக்கு அனுப்பியதற்காகச் சொந்தக்காரர்களிடம் நிறையப் பேச்சு வாங்கியவர். ஒரு நாள் கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு என் பள்ளிக்கூடத்துக்கே வந்தார்.

"சார், ஒங்க பொண்ணு சோறு துன்றதில்லியாம். தண்ணி கூட எறங்கலியாம். வார்டுல மயங்கி வுயுந்துச்சாம். எம் பொண்ணு சொல்லியனுப்பிச்சி. நா சொன்னன்னு சொல்லாதீங்க."

அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். உச்சி வேளையில் மலை மேல் கழுகு பார்த்துவிட்டு இறங்கிய கூட்டம் முழுவதும் அந்தப் பஸ்ஸில்தான். நயா பைசா என்ற புதுக் காசு வந்து மாசக்கணக்காகியும் கண்டக்டரோடு சில்லறைச் சண்டை தீரவில்லை. செங்கல்பட்டு வரைக்கும் நின்றுகொண்டே போனேன். எப்சியைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

பார்வையாளர் அறையில் வந்து நின்றவளை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீ கடைசியில் இருந்த மாதிரி இருந்தாள். பக்கத்தில் நூர்ஜஹான், காவலுக்கு நிற்கிறவள் போல.

"என்னம்மா ஆச்சு?"

"ஒன்னும் இல்ல மாமா."

"ஒன்னும் இல்லியா?" என்றாள் நூர்ஜஹான். "மாமா, இவ சோத்த முழுங்கறதுக்கு நா பக்கத்துல குந்திகினு, எனுக்கு ஒரு உருண்ட, இவளுக்கு ஒரு உருண்டன்னு ஊட்டறன். என்னோட பங்குல எனுக்குத் தொப்ப வந்துட்சி. சொல்லுடி, சொல்லு. மாமா வூட்டு ஆளுதான."

எப்சி சொன்னாள். இடையிடையே நிறுத்தினாள். நிறுத்திய இடத்தில் நூர்ஜஹான் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்திலிருந்து பச்சையம்மா என்று ஒருத்தி வந்திருக்கிறாள். மீன்காரி, முப்பது வயதுகூட ஆகாதவள். குடல் முறுக்கிக்கொண்டு, தாமதமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். அதற்குப் பிறகு வாயில் சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. அப்படி எழுதிக் கட்டிலில் சீட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். ஊசி வழியாகத்தான் உப்புத் தண்ணீர். உதட்டில் மட்டும் ஈரப் பஞ்சு. அந்தக் கட்டிலுக்கு எப்சியைப் போட்டார்கள்.

பச்சையம்மா தண்ணீர் கேட்டாள். முதலில் "கண்ணு, ஒரே முழுங்கு, யாராண்டயும் சொல்ல மாட்டன்" என்று கெஞ்சினாள். பிறகு திட்டினாள். பிறகு ஈரப் பஞ்சைக் கடித்துச் சப்பினாள். எப்சி பஞ்சை வாயிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. பச்சையம்மாவின் அக்கா அஞ்சலை துணைக்கு இருந்தவள். தங்கச்சி துடிப்பதைப் பார்க்க முடியாமல், புடவைக்குள் சொம்பை மறைத்துக் கொண்டுவந்து வாய்க்கருகில் வைத்துவிட்டாள். எப்சி பாய்ந்து பிடுங்கி, அஞ்சலையின் கண் முன்னாலேயே அந்தத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள்.

மறு நாள் பச்சையம்மா இறந்துபோனாள். தண்ணீரால் அல்ல. உள்ளே முன்பே அழுகியிருந்ததாம். ஆனால் வார்டு நடுவில் அஞ்சலை எப்சியைப் பார்த்துக் கத்தியது வேறு.

"கொட்டன தண்ணிய அவ தொண்டையில ஊத்தியிருந்தா நனைஞ்ச தொண்டையோட போயிருப்பாடி! வறண்டு போயி கொன்னுட்டியே! நீ சாவசொல்ல உனுக்கும் ஒருத்தரும் ஊத்த மாட்டாங்க, பாத்துக்க!"

ராகேல், சாகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றாமல் விடுவது நம் பக்கத்தில் எப்பேர்ப்பட்ட பாவம் என்று உனக்குத் தெரியாதா? அந்தச் சாபத்தைக் கேட்டுக்கொண்டே உன் மகள் அந்த உடம்பைத் துடைத்தாள், தாடையைக் கட்டினாள், கட்டிலை மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவினாள், மத்தியானத்துக்குள் அடுத்த நோயாளிக்காகப் புது விரிப்பு விரித்தாள். பிறகு வகுப்புக்குப் போய் உட்கார்ந்து நரம்புகளைப் பற்றிக் குறிப்பு எழுதினாள். ஒருவர், ஒரே ஒருவர், அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குக் குழாய் எவ்வளவு நேரம் ஓடியிருக்கும்?

அதிலிருந்து அவள் டம்ளரை எடுத்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறாள். ஒரு நாள் டாக்டர் வார்டைச் சுற்றி வரும்போது கையில் தட்டோடு மயங்கிச் சாய்ந்திருக்கிறாள்.

நான் நேரே வார்டு சிஸ்டரைப் பார்க்கப் போனேன். திருநெல்வேலிக்காரர், ஐம்பது வயது இருக்கும், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. உட்காரச் சொல்லவில்லை.

"என் மருமகளை நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"ஒரு வாரம் லீவு தாரேன். அதுக்குள்ள வரலைன்னா பேரை அடிச்சிருவோம்."

"ஒரு பிள்ளை இப்படி ஆகிற வரைக்கும் உங்களுக்குக் கண் தெரியலையா, அம்மா?"

"ஸார், இங்க எல்லாப் பிள்ளையும் ஒரு தடவை இப்படி ஆகும். நானும் ஆனேன். அழுதா முடியுமா? பக்கத்துக் கட்டில்ல இருக்கவங்களுக்கு யாரு பதில் சொல்றது?" பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு உங்க பிள்ளை மனசு இளகித் தண்ணி குடுத்திருந்தா, அன்னைக்கே நான் அனுப்பியிருப்பேன். அவ குடுக்கலை. அந்த வயசுல நான் குடுத்திருப்பேன்."

"இதை அவகிட்ட சொன்னீங்களா?"

"இதெல்லாமா சொல்லுவாங்க?" என்றார்.

இதுதான் ராகேல் எனக்கு ஆறாத இடம். என் பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். திட்ட வேண்டியதை ஊர் கேட்கச் சொல்லுவார்கள். நல்லதை மட்டும் பூட்டி வைப்பார்கள். பஸ்ஸில் எப்சியிடம் சிஸ்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் நம்பவில்லை. "சங்கு அப்டிலாம் சொல்லாது மாமா. நீங்களா சொல்றீங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு இன்னொன்றும் சொன்னேன். இதுவரைக்கும் அவளிடம் சொல்லாதது. "உங்க அம்மா ஜுரத்துல கிடந்தப்ப, தண்ணி கேட்டப்பல்லாம் நான் குடுத்தேன். ஒரு தடவை கூட இல்லைன்னு சொல்லல. அவளும்தான் போயிட்டா."

எப்சி திரும்பிப் பார்த்தாள்.  ராகேல், நான் ஈரத் துணியைப் பிழிந்து பிழிந்து உன் வாயில் விட்டேனே, உனக்கு அது தெரிந்ததா? இறங்கியதா? நானும் இத்தனை வருஷமாக யாரிடமும் கேட்கவில்லை.

வீட்டில் இரண்டு நாள் தூங்கினாள். நான் வைத்த ரசத்தைக் கொஞ்சம் குடித்தாள். ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கேட்டு எழுதிப் போடலாம் என்று மெதுவாகப் பேச்சை எடுத்தேன். "ம்" என்றாள். சரிக்கட்டிவிட்டோம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"மாமா, அந்தக் குப்பத்துக்குப் போவணும்."

"எதுக்கு? அந்தப் பொம்பளை வெட்டிப் போட்டுடுவா."

"திட்டட்டும். நேர்ல திட்டட்டும். இப்போ தலைக்குள்ள குந்திகினு திட்டிகினே கீறாங்க. அது பேஜாரா கீது."

வேண்டாம் என்று எத்தனையோ சொன்னேன். நீ செய்வது போலவே கேட்காத முகத்தோடு நின்றாள். தனியாக விட முடியுமா? நானும் கூடப் போனேன். மாமல்லபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடலோரமாகவே மணலில் நடந்தோம். வெயில் நன்றாக ஏறியிருந்தது. கட்டுமரங்கள் கரைக்கு வந்து, மீன் போய், வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. அஞ்சலையின் வீட்டைக் கேட்டதும் ஒரு பெண் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கை காட்டினாள்.

அஞ்சலை கூரைக்கு வெளியே நிழலில் உட்கார்ந்து கருவாட்டை ஒற்றைக் கையால் புரட்டிக்கொண்டிருந்தாள். எப்சியைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாடி. இன்னா, பதினாறாம் நாளு சோத்துக்கு வந்துகீறியா? அது முடிஞ்சி போச்சி."

"உங்களப் பாக்க வந்தேங்க்கா."

"பாத்துட்ட இல்ல? போ. இவுரு யாரு, வக்கீலா?"

"வாத்தியார்" என்றேன்.

"அப்ப உக்காந்து எயுதிக்க வாத்யாரே. இவ எந் தங்கச்சிக்கு ஒரு வா தண்ணி குடுக்கல. பச்ச, பச்சன்னு தூக்கி வளத்தன். என்னாண்டதான் கேட்டா, அக்கா தண்ணின்னு. எம் முன்னாடி கொட்டனா இவ."

அக்கம்பக்கத்திலிருந்து நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். நான் எப்சியின் தோளைத் தொட்டுப் போகலாம் என்றேன். அவள் அசையவில்லை. அவள் பார்வை அஞ்சலையின் முகத்தில் இல்லை, இடது கையில் இருந்தது. துணி சுற்றிய கை. விரல்கள் வாழைப்பழம் போலப் புடைத்திருந்தன.

"அக்கா, கையில இன்னா?"

"உனுக்கு இன்னாத்துக்கு?"

"கெளுத்தி முள்ளு ஏறிட்சி" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "சுண்ணாம்பு வெச்சிகீது. அடங்கல."

எப்சி போய் அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். அஞ்சலை உதறினாள், வலியில் உதற முடியவில்லை. துணியை அவிழ்த்தாள். நாற்றம் எனக்கே அடித்தது. உள்ளங்கை கறுத்திருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சிவப்பாக ஒரு கோடு. அக்குளைத் தொட்டுப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டாள். இத்தனை நேரம் என் பின்னால் நடந்து வந்த பெண் அவள் இல்லை ராகேல். குரல் மாறிவிட்டது.

"இது வெஷம் மேல ஏறுது. இன்னிக்கே கிளம்பணும். நாளைக்குன்னா கை போயிடும். இல்லன்னா ஆளே போயிடுவீங்க."

"அங்கயா? செத்தாலும் வர மாட்டன். தண்ணி குடுக்காம கொல்ற எடம்."

"சரி, கோவம் எம்மேலதான? கைய ஏன்க்கா அழுவ வுடறீங்க?"

"ஒன்னு கேக்கறன், ஒயுங்கா சொல்லு." அஞ்சலை இப்போது கத்தவில்லை. "அன்னிக்கு நா குடுத்த தண்ணிய அவ குடிச்சிருந்தா, பொயச்சிருப்பாளா?"

நான் எப்சியைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் சொன்னதும் அதுதான்.

"பொழைச்சிருக்க மாட்டாங்கன்னு டாக்டரு சொன்னாரு" என்றாள் எப்சி. "ஆனா குடிச்சிட்டு நிம்மதியா போயிருப்பாங்களான்னு கேட்டா, எனுக்குத் தெரியாதுக்கா. நானும் அதையேதான் கேட்டுகினு கீறேன். தண்ணி கூட எறங்க மாட்டேங்குது."

அஞ்சலை அவளை ரொம்ப நேரம் பார்த்தாள். முகம், வெடித்த கைகள், எலும்பு தெரிந்த கழுத்து.

"அங்க வந்தா நீ இருப்பியா? உள்ள தள்ளிட்டு ஓடிட மாட்டியே?"

"கட்டிலாண்டயே நிப்பேன்."

என் ஆசிரியர் பயிற்சித் திட்டம் அந்த மணலிலேயே முடிந்துவிட்டது. எனக்கு மகிழ்ச்சி இல்லை. கோபம்தான் வந்தது. யார் பேரில் என்று தெரியாத கோபம்.

செங்கல்பட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அஞ்சலைக்கு நடுக்கம் கண்டுவிட்டது. மணல் ஒட்டிய புடவையோடு எப்சி அவளைத் தாங்கிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தாள். சிஸ்டர் நிமிர்ந்தார்.

"லீவு முடியலையே?"

"பேஷண்ட் கொண்டாந்தேன், சிஸ்டர்."

சிஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார். மணிக்கட்டுக் கோட்டைப் பார்த்தார். ஆளை அனுப்பி டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். "போய் யூனிபார்ம் மாத்திட்டு வா" என்றார் எப்சியிடம். அவ்வளவுதான். ஒரு நல்ல வார்த்தை? இல்லை. எனக்கு ஒரு நாற்காலி? அதுவும் இல்லை. வராந்தாவில் ஜன்னலோரமாக நின்றுகொண்டுதான் மீதியைப் பார்த்தேன், கேட்டேன்.

மயக்க மருந்து கொடுத்துக் கையைத் திறக்க வேண்டும். அதற்கு முன் வாயில் எதுவும் கூடாது. அதே சீட்டு இந்தக் கட்டிலிலும் தொங்கியது. அஞ்சலை அதைப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள்தான், ஆனால் அந்தச் சீட்டு அவளுக்கு மறந்துபோகுமா? எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஆரம்பிச்சிட்டீங்களா? நா போறன்."

எப்சி முழங்காலிட்டு அவள் உயரத்துக்கு வந்தாள். கட்டிலில் உட்காரக் கூடாது, அதுவும் சட்டம்.

"கேளுங்கக்கா. மயக்க மருந்து குடுக்கசொல்ல வயித்துல தண்ணி இருந்தா வாந்தி வரும். நீங்க மயக்கத்துல கீறீங்க, துப்பத் தெரியாது. அது மூச்சுக் கொழாயில எறங்கிடும். மூச்சு நின்னுடும். அதுக்குத்தான் வாணாங்கறது. முழிச்ச கொஞ்ச நேரத்துல நானே குடுப்பேன். பச்சையம்மாக்காக்கு வேற. அவங்களுக்குக் கொடல வெட்டித் தெச்சிருந்தாங்க. அது அசைய ஆரம்பிக்கிற வரைக்கும் உள்ள ஒன்னும் போவக் கூடாது. போனா தையல் வுட்டுப் போயிடும்."

அஞ்சலை வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"அடிப்பாவி, இத்த அன்னிக்கே எங்கிட்ட ஒருத்தர் சொல்லியிருந்தா, நா ஏன்டி சொம்ப ஒளிச்சிகினு வர்றன்? அவளாண்டயும் நானே சொல்லியிருப்பனே, பொறுத்துக்க பச்சன்னு! நா சொன்னா கேட்டுகினு இருப்பாளே!"

 எப்சி எழுந்து நின்றாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். அன்றைக்கு அவளுக்கே யாரும் காரணம் சொல்லியிருக்கவில்லை, ராகேல். குடுக்காதே என்றார்கள், அவள் குடுக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தால் அந்த இரண்டு பெண்களுக்கும் சொல்லியிருப்பாள். அக்காள் பொறுத்துக்கச் சொல்ல, தங்கச்சி அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு போயிருப்பாள். உயிரைக் காப்பாற்றியிருக்க முடியாது. அதை மட்டுமாவது கொடுத்திருக்கலாம். இந்தக் காரணத்தை எப்சி எப்போது தெரிந்துகொண்டாள் தெரியுமா? பச்சையம்மா போன பிறகு, நூர்ஜஹானும் அவளும் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டித் தேடிக் கண்டுபிடித்தார்கள். கேள்வி கேட்கக் கூடாத இடத்தில் திருட்டுத்தனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

அஞ்சலை பிழைத்துக்கொண்டாள். ஒரு விரல் மடங்காது. அந்தக் கையாலேயே கூடை தூக்குகிறாள். போன மாதம் திருக்கழுக்குன்றம் சந்தையில் என்னைப் பார்த்துவிட்டு, "வாத்யாரே, ஒன் மருமவ ஊசி போட்டா எறும்பு கடிச்ச மாரி கீது, ஆனா வாய் மட்டும் கொறைய மாட்டேங்குது" என்று கூவினாள். இரண்டு வஞ்சிரத் துண்டு கொடுத்தாள். எப்சிக்காக என்று சொல்லவில்லை, ஆனால் அதற்காகத்தான்.

வாய் குறையவில்லை என்பது உண்மை. இப்போது எப்சி எந்த நோயாளிக்கும், கூட இருப்பவருக்கும், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று காரணம் சொல்கிறாள். மற்றப் பெண்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "கதை சொல்லிக்கிட்டு நிக்காதீங்கடி, வேலையைப் பாருங்க" என்று சங்கு ஊதத்தான் செய்கிறது. ஆனால் ஒரு நாள் நூர்ஜஹான் சொல்லாமல் விட்ட காரணத்தைச் சிஸ்டரே போய் நோயாளியிடம் சொல்லிவிட்டு வந்தாராம். எப்சி சொல்லி நான் கேட்டது. நான் அந்தம்மாவை மன்னிக்கவில்லை. எழுதி வைக்கிறேன். இந்தப் பெண்களில் ஒருத்தி உடைந்துபோன பிறகுதான் ஒருவருக்குப் புத்தி வர வேண்டுமா?

குழாய் இன்னும் ஓடுகிறதாம். போன வாரம் ஒரு குழந்தை போயிற்று. எப்சிதான் திறந்தாளாம். பிறகு வெளியே வந்து நூர்ஜஹானிடம் இரண்டு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தாளாம். எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். தூக்கத்தில் ஏதாவது பேசுகிறாளா என்று யாரைக் கேட்பது?

ஒன்று மட்டும் உனக்கு எழுதிக் கொடுக்கிறேன், ராகேல். அவளாகக் கூப்பிடாத வரைக்கும் அவளைக் கூட்டிவர நான் இனி போக மாட்டேன். ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோயில் முடிந்ததும் செங்கல்பட்டுப் பஸ் ஏறிப் போய் அந்தப் பார்வையாளர் அறையில் உட்காருவேன். வார்டில் நடந்ததை எல்லாம் அவள் சொல்லுவாள். யார் மேல் குற்றம், யாருக்கு மனு எழுதுவது என்று நான் நடுவில் வாய் திறக்க மாட்டேன். அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பேன். உன் அண்ணனுக்கு இது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? இரண்டு ஞாயிறு போய்விட்டு வந்தேன். வாய் திறக்கவில்லை.

உனக்கு மூத்தவன், உன் மகளுக்குத் தாய்மாமன்,
ஆசீர்வாதம்